இரண்டாம் தவணை நிறைவில் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். தரம் 5 பிள்ளைகளோடு ஆசிரியர்கள் பின்னேரங்களிலும் நின்று பாடுபட்டார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள். தேர்ச்சி அறிக்கையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டிருக்கிறோம். கையொப்பமிட்டு அடுத்த தவணையின் முதல் நாளே திருப்பி அனுப்புங்கள்.

இனி, உங்களோடு கொஞ்சம் ஆறுதலாகப் பேச வேண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

காலை 7.30க்குப் பாடசாலை தொடங்குகிறது. 8 மணியிலிருந்து இடைவேளை வரைக்கும் கேற்றடியில் பெற்றோர் வந்தபடியே இருக்கிறார்கள். ஒருவர் கையில் கணிதக் கொப்பி, இன்னொருவர் கையில் சாப்பாட்டுப் பெட்டி, வேறொருவர் கையில் சித்திரப் பாடத்துக்கான கலர்ப் பெட்டி. எல்லாம் வீட்டில் மறந்துவிட்டுப்போன சாமான்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம்தான். பிள்ளையைக் கூப்பிட ஓர் ஆள் போய், பிள்ளை கேற்றடிக்கு வந்து, திரும்பி வகுப்புக்குப் போய் இருக்கும்போது அதில் 10 நிமிடம் போய்விடுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு அந்தப் பிள்ளைக்குப் பாதியில் அறுந்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகளின் கவனமும் வாசலுக்குப் போகிறது.

உங்கள் நாள் எப்படி ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் அம்மாமார் விடியும் முன்பே வாகனம் பிடிக்கிறார்கள். தண்ணீர் முறை வந்தால் அப்பா இரவிலும் வயலில்தான். அம்மம்மாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் பலர் இங்கே படிக்கிறார்கள். தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மாரும் பலர். முத்தையன்கட்டுப் பக்கம் யானை இறங்கிய காலையில் பிள்ளையை வெள்ளன அனுப்பச் சொல்லி நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். அந்த நாட்களில் பிந்தி வருகிற பிள்ளைக்கு இங்கே எந்தக் கேள்வியும் இல்லை. பஸ் வராத நாளும் அப்படித்தான்.

ஆனால் கொப்பி மறந்ததற்கு யானையும் பஸ்ஸும் காரணமில்லை. அது முதல் நாள் இரவு முடிந்திருக்க வேண்டிய வேலை. விடிய எழும்பி, ஒரு கையில் அடுப்பையும் மறு கையில் பிள்ளையின் பையையும் பார்ப்பதால்தான் இவ்வளவு அந்தரமும் வருகிறது. போகம் தொடங்க முன்னர் கூட்டம் கூடி, விதைப்புக்கான கடைசித் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, மாடுகளைக் கட்ட வேண்டிய திகதி எல்லாம் தீர்மானிக்கிறோம். ஏக்கர் கணக்கில் விதைக்க இப்படி ஒழுங்கு செய்யத் தெரிந்தவர்கள் நீங்கள். ஒரு பிள்ளையின் அடுத்த நாளுக்கு இரவில் 15 நிமிடம் ஒதுக்குவது உங்களுக்கு முடியாத காரியம் இல்லை.

அந்த 15 நிமிடத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளை நேரசூசியைப் பார்த்துத் தானே பையை அடுக்க வேண்டும். நேரசூசி பார்க்காத பிள்ளைகள் எல்லாப் புத்தகங்களையும் நாள்தோறும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூன் விழுகிற மாதிரி அந்தப் பையைச் சுமந்து வந்தும், தேவையான கொப்பி மட்டும் அதற்குள் இருக்காது. சீருடை, காலுறை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இரவே ஒரு இடத்தில் இருக்கட்டும். அந்த இடம் மாறக்கூடாது. ஒரே அறை வீடாக இருந்தாலும் ஒரு மூலையோ ஓர் ஆணியோ போதும். தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து உதவி செய்யுங்கள். தரம் 4க்கு மேல் நீங்கள் அடுக்கிக் கொடுக்க வேண்டாம். தாய் அடுக்கிய பையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது, தேடவும் தெரியாது. முதல் வாரம் ஏதாவது விடுபடும். அப்படி விடுபட்டால்தான் அடுத்த வாரம் நினைவில் நிற்கும்.

ஒப்படை விடயத்தையும் சொல்ல வேண்டும். இரவு ஒன்பதரைக்கு பிறிஸ்டல் போட் தேடிக் கடை கடையாக அலைந்ததாகச் சிலர் சொன்னீர்கள். நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு ஆசிரியர்களின் வாட்ஸ்அப்புக்கு இரவு 10 மணிக்குப் பிறகும் செய்தி வருகிறது. அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. மூன்றாம் தவணையிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கடைசிப் பாடவேளையில், அடுத்த வாரத்துக்குத் தேவையான பொருட்களை வகுப்பாசிரியர் பலகையில் எழுதுவார். பிள்ளை அதை வீட்டு வேலைக் கொப்பியில் எழுதி வரும். சனியோ ஞாயிறோ சந்தைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மாமாருக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும்.

இப்போது ஒரு விதியை நேராகச் சொல்கிறேன். அடுத்த தவணையின் முதல் நாளிலிருந்து, காலை 8 மணிக்குப் பின் கொண்டுவரப்படும் எந்தப் பொருளுக்காகவும் பிள்ளையை வகுப்பிலிருந்து அழைக்க மாட்டோம். பெயரும் வகுப்பும் எழுதி அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகலாம். இடைவேளையில் பிள்ளை வந்து எடுத்துக்கொள்ளும். காவலாளியோடு தர்க்கப்பட வேண்டாம், அவர் என் சொற்படிதான் நடப்பார். இந்த விதி ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும், அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். மருந்தும் மூக்குக் கண்ணாடியும் மட்டும் எந்த நேரமும் உடனே பிள்ளையிடம் சேரும். சாப்பாடு வராத பிள்ளையை நாங்கள் பசியோடு இருக்க விடமாட்டோம், அதற்காக நீங்கள் வேலையை விட்டு ஓடிவர வேண்டியதில்லை.

மூன்றாம் தவணை இலகுவான தவணை இல்லை. காலபோக விதைப்பும் மாரி மழையும் ஆண்டிறுதிப் பரீட்சையும் ஒன்றாக வரும். அப்போது புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்குவது கடினம். அதனால் இந்த விடுமுறையின் கடைசி வாரத்திலேயே பையை அடுக்கிப் பழக்குங்கள். இரவு போனை ஒரு குறித்த நேரத்துக்கு வாங்கி வையுங்கள், நித்திரை ஒழுங்கானால் காலை தானாகவே ஒழுங்காகும்.

ஏற்கெனவே இதைச் செய்துவருகிற வீடுகள் நிறைய உண்டு. அந்தப் பிள்ளைகளைக் காலைப் பிரார்த்தனையிலேயே கண்டுபிடித்துவிடலாம், முகத்தில் பதற்றம் இருக்காது. அந்த வீடுகளுக்கு என் மனமார்ந்த நன்றி. சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்து கிணற்றடியைத் துப்புரவாக்கியவர்களுக்கும், வேலைநாளில் லீவு போட்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கும் நன்றி. கூட்டத்துக்கு வர முடியாமல் வகுப்பாசிரியருக்கு போன் எடுத்து விசாரித்தவர்களையும் மறக்கவில்லை. உங்கள் துணை இல்லாமல் இந்தப் பாடசாலை ஒரு நாளும் ஓடாது.

வகுப்பு நேரசூசி இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. வெட்டிச் சுவரில், பிள்ளையின் கண்ணுக்கு நேரே ஒட்டிவிடுங்கள். விடுமுறையில் பிள்ளைகளைக் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் தனியே விட வேண்டாம்.

இப்படிக்கு,
அதிபர்