மோல் எடையன்று, எண்ணிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் ‘மோல் என்பது பொருளின் எடையைக் குறிக்கும் அலகு’ என்று அச்சாகியிருக்கிறது. முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாள்களில் இந்த ஒரு வரியைச் சுழித்துச் சுழித்தே எத்தனையோ சிவப்புப் பேனாக்களைத் தீர்த்திருக்கிறேன்.

டஜன் என்றால் 12. அணுக்களோ மூலக்கூறுகளோ, மோல் என்றால் 6.022 × 10²³. அவ்வளவுதான். முன்பு 12 கிராம் கார்பன்-12இல் (கார்பனின் ஒரு வகை) உள்ள அணுக்களின் எண்ணிக்கையை வைத்து வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் அந்த எடையும் தேவையில்லை, 6.02214076 × 10²³ என்று எண்ணையே நிலைநிறுத்திவிட்டார்கள்.

வகுப்பில் மேசைமேல் இரண்டு குவளைகள் வைப்பேன். ஒன்றில் 18 கிராம் தண்ணீர். ஒரு வாய்க்குத்தான் காணும். மற்றதில் 342 கிராம் சர்க்கரை, விளிம்புவரை. “எதில் மூலக்கூறுகள் அதிகம்?” என்பேன். எல்லாக் கைகளும் சர்க்கரைப் பக்கம் நீளும். இரண்டிலும் ஒரு மோல்தான், எண்ணிக்கை ஒன்றுதான் என்றதும் கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். சர்க்கரை மூலக்கூறு ஒன்று தண்ணீர் மூலக்கூற்றைப்போல் 19 மடங்கு கனம். குவளை நிறைந்ததன் ரகசியம் அதுதான். (பிறகு அந்தச் சர்க்கரையில் பாதி காணாமல் போய்விடும், அது வேறு கதை.)

இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோவே இந்த 6.022 × 10²³ என்ற எண்ணைக் கணக்கிட்டார் என்றும் அதே பக்கம் சொல்கிறது. இதை யாரும் கணக்கிடும் முன்பே, 1856இல், அவர் மறைந்துவிட்டார். அவர் பெயரை இதற்குச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரென், 1909இல்.

தேர்வு நெருங்குகிறது. திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்