மொத்தத்தோடு ஃபார்முலாவையும் கொடுங்கள்

கொங்கு மாவட்டங்களின் காலநிலை அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. நான் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இருபது வருசமாகக் கணக்கு எழுதுகிறவன். எடைச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டைக்கும் நாங்கள் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. காடு அழிந்து எத்தனை டன் கரியமில வாயு வெளியேறியது என்று நீங்கள் எழுதும்போதும் அந்தச் சீட்டைக் கேட்கிறேன். மொத்தத்தைப் பிடிஎஃப்பில் போட்டு நிறுத்தாமல், எக்செல் ஷீட்டையே வெளியிடுங்கள்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு ஷீட் வந்தது. வெறும் எண்கள், ஃபார்முலா எதுவும் இல்லை. ஒரு ஹெக்டேர் வறண்ட காடு போனால் 610 டன் என்றிருந்தது. மனசு ஒப்பாமல் ராத்திரி உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன்.

ஆசியக் கண்டத்தின் வெப்பமண்டல வறண்ட காட்டுக்கு ஐபிசிசி என்னும் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2006 வழிகாட்டி தரும் எண், தரைக்கு மேலே உள்ள மரஞ்செடிக்கு ஹெக்டேருக்கு 130 டன் உலர் எடை. வேருக்கு அதில் 0.28 பங்கு. உலர் எடையில் கார்பன் 0.47 பங்கு. 12 கிலோ கார்பன் கரியமில வாயுவாகும்போது 44 கிலோ ஆகிறது. பி2 கட்டத்தில் பரப்பளவு (இங்கே ஒரு ஹெக்டேர்), சி2-ல் தரைக்கு மேலுள்ள எடை, டி2-ல் வேரின் பங்கு, இ2-ல் கார்பனின் பங்கு. ஆக, =பி2*சி2*(1+டி2)*இ2*44/12. விடை 287 டன். மண்ணிலுள்ள கார்பன் இதில் சேராது. மரம் முழுக்க அப்போதே எரிந்துபோனதாக வைத்துக்கொண்ட கணக்கு இது. வாட்ஸ்அப் ஷீட்டில் 0.47 விட்டுப்போயிருக்கிறது, மரத்தின் எடை மொத்தத்தையும் கார்பன் என்று எடுத்துவிட்டார்கள். ஃபார்முலா கண்ணில் பட்டிருந்தால் பத்தாவது படிக்கிற பிள்ளைகூடப் பிடித்திருக்கும்.

விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் ஒரே விலை போடுவோமா? காட்டுக்கு மட்டும் எப்படி ஒரே எண்? பவானிசாகர் பக்கத்து முள்காட்டுக்குப் புதர்க்காட்டு எண்ணான 60 டன்னை எடுத்து, வேருக்கு 0.40 வைத்தால் ஹெக்டேருக்கு 145 டன். வால்பாறை மழைக்காட்டுக்கு 280, 0.37 என்று போட்டால் 661. அந்த 280-ம் ஒரு சராசரிதான். ஐபிசிசியே 120 முதல் 680 வரை என்கிறது. குறைந்ததை வைத்தால் 283, கூடியதை வைத்தால் 1,605 டன். இவ்வளவு இடைவெளியை மறைத்து ஒற்றை எண்ணை அச்சடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்தது, கூடியது என்று ஷீட்டில் இரண்டு நெடுவரிசை சேர்த்துப் போடுங்கள்.

பரப்பளவுக்கும் இதே கவலைதான். உலக அளவிலான செயற்கைக்கோள் தரவில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 0.09 ஹெக்டேர். அது பார்ப்பது மேலிருந்து தெரியும் மரங்களின் இலைக்கூரையை. தோப்பா காடா என்று பிரித்துச் சொல்லாது. வேர்வாடல் நோய் வந்து பொள்ளாச்சிப் பக்கம் வெட்டிய தென்னைகூடக் காடழிப்புக் கணக்கில் விழக்கூடும். பர்கூர் மலையில் ஒருவர் 'இது எங்க தோப்புங்க' என்றால், அந்த வரியைத் திருத்தி மொத்தம் மாறுவதை அவர் கண்முன்னே காட்ட முடிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துக் கட்டத்தில் அது எங்கிருந்து வந்தது என்று இருக்க வேண்டும்.

அடுத்த கிராமசபைக்கு முன்னால் ஷீட்டை வெளியிடுங்கள். வரிவரியாகச் சரிபார்த்துத் தருகிறேன், கூலி வேண்டாங்க.

இப்படிக்கு,
மஞ்சள் மண்டிக் கணக்கர் ஒருவர், ஈரோடு