தறிக்குழிக்குள் வந்த தண்ணீர்

செல்லூர், மதுரை
14.11.2024

அன்புத் தோழி,

நீ பஸ்ஸில் போட்டு அனுப்பிய சாக்கு வந்து சேர்ந்தது. சின்னவன் மாட்டுத்தாவணிக்குப் போய் எடுத்து வந்தான். முப்பது தேங்காய், ஒன்றுகூட விரிசல் விடவில்லை. உன் புதுக் கன்றுகளின் காய் என்று எண்ணியபோது கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குப் போனில் "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாய். "வந்துச்சு, போயிருச்சு" என்று முடித்துவிட்டேன். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்த மழை, கால் மணி நேரத்தில் நாலரை சென்டிமீட்டர் கொட்டியதாக அப்புறம் பேப்பரில் போட்டார்கள். உங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கணக்குக்கு இது பெரிதில்லை. ஆனால் எங்களுக்கு வானத்தைவிடக் கண்மாய்தான் பயம். செல்லூர்க் கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போயாக வேண்டும். வாய்க்காலை ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக் கிடந்தால் தண்ணீர் தெருவுக்குத்தானே வரும்?

அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்குள் கொடுக்க வேண்டிய சேலை, பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. திடீரென்று மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, "ஏய், கால் நனையுது" என்றார். வாசலில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தறிக்குக் கீழே கால் வைத்து மிதிக்கிற குழியின் மண்சுவர் வழியாகக் கசிந்து, கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு ஏறிக்கொண்டிருந்தது. நான் வாளியை எடுத்து இறைத்தேன். இறைக்க இறைக்க ஏறியது. பத்தாவது வாளியிலோ என்னவோ, வாசல்படியையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

அப்போதுதான் உன் மஞ்சப்பை ஞாபகத்துக்கு வந்தது. 2018 நவம்பர் 15 அன்று சாயங்காலம், கஜா புயலுக்குப் பயந்து, உங்கள் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறினாயே, அந்தப் பை. ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் புத்தகம், அம்மாவின் மாத்திரை, எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதற்குள் இருந்தன. நானும் அதே மாதிரி எடுத்துக்கொண்டேன். மெயின் சுவிட்சை அணைத்தேன், சிலிண்டரை மூடிப் பரண்மேல் ஏற்றினோம். மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மேட்டு ரோட்டில் ஆட்டோ பிடித்துத் திருநகரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். அவர் மட்டும் வரவில்லை. தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை அறுத்து எடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று பரணில் உட்கார்ந்துவிட்டார். மாடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அன்றைக்கு உன் வீட்டுக்கார அண்ணன் உங்கள் ஊரிலேயே இருந்துகொண்டாரே, அதே பிடிவாதம்.

அக்கா வீட்டில் மூன்று ராத்திரி. மெத்தை, ஃபேன், வேளாவேளைக்குச் சாப்பாடு. தூக்கம்தான் வரவில்லை. அந்த மூன்று ராத்திரியும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே நடுராத்திரிக்கு மேல் கஜா கரையேறியது, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்று டிவியில் சொன்னபோது நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். மறுநாள் அந்தப் புயல் நீ வந்த திக்கிலேயே மேற்கே வந்து திண்டுக்கல், கொடைக்கானலைக் கடந்து கேரளாவுக்குப் போனது. இங்கே ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதற்கே எழுந்து உட்கார்ந்தாய். அண்ணன் போன் மூன்று நாள் கிடைக்கவில்லை. நான்காம் நாள் யாரோ ஒருவர் போனிலிருந்து பேசினார். மாடு இருக்கிறது, ஓடு பூராவும் போய்விட்டது, தோப்பில் நிற்கிற மரம் ஒன்றுமில்லை.

அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "உயிர் தப்பிச்சதே பெருசு. மரம் போனா வச்சுக்கலாம்." நீ ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நூத்திப் பத்து மரம்" என்று மட்டும் சொன்னாய். ஆறுதல் சொல்லிவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். எட்டாம் நாள் காலையில் நீ பையைத் தூக்கியபோது எனக்குக் கோபம் வந்தது. கூரை இல்லை, கரண்ட் இல்லை, அங்கே போய் என்ன செய்யப் போகிறாய், எங்கள் வீட்டில் என்ன குறை வைத்தோம் என்று வருத்தப்பட்டேன். சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாய். எட்டு நாளும் அந்த முடிச்சு அவிழவில்லை என்பதை நான் பார்த்தேன். ஆனால் அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

இப்போது திருநகரில் அக்காவின் சம்பந்தி அம்மா என்னிடம் சொன்னார்கள்: "பழைய தறிதானே, போனாப் போகுது. இந்தக் காலத்துல யாரு கைத்தறி கட்டுறா?" நல்ல மனுஷி, என் நன்மைக்குத்தான் சொன்னார்கள். எனக்கு அடிவயிற்றில் பிசைந்தது. அந்த நிமிஷம்தான் உன் நூற்றுப் பத்து மரமும் எனக்குத் தெரிந்தது. என் மாமனார் உட்கார்ந்து நெய்த தறி அது. உன் மரங்களில் பாதி உன் மாமனார் வைத்தது இல்லையா? அப்படிச் சொன்னதற்காக, ஆறு வருஷம் கழித்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

திங்கட்கிழமை திரும்பினோம். வீட்டைவிட்டுப் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வருவது இன்னும் முடியவில்லை. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. மெத்தை, அரிசி மூட்டை, கீழ்த்தட்டுத் துணி எல்லாம் குப்பைக்குப் போனது. கல்யாண ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டது, பிரிக்க மனசு வரவில்லை, மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறேன். ஒயரிங் காய்கிறவரை ஒரு சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள் என்று எலக்ட்ரீசியன் சொன்னதால் நாலு நாள் மெழுகுவர்த்திதான். தொட்டியைக் காலிசெய்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். எலிக்காய்ச்சல் வரும் என்று முகாமில் மாத்திரை கொடுத்தார்கள், வாங்கிச் சாப்பிட்டோம். தீபாவளி அன்றைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய இட்லியும் சாம்பாரும் வந்தது.

தறிக்குழியை அவரே இறங்கிச் சுத்தம் செய்தார். அறுபது வாளிக்குமேல் சேறு. மிதிப் பலகை ஊறி வளைந்துவிட்டது, பாவு இழைகளைப் பிரித்து வைக்கிற அச்சு துருப்பிடித்துவிட்டது, குழியின் ஒரு பக்கச் சுவர் சரிந்துவிட்டது. பாவு நூலை மட்டும் காப்பாற்றிவிட்டார். அந்தச் சேலை சாயம் கலங்கிப் போனது. முதலாளி பணம் பிடிக்கவில்லை, புதுப் பாவும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கண்மாயிலிருந்து வைகை வரைக்கும் 11 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சிமென்ட் கால்வாய் கட்டப் போவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். அது சீக்கிரம் வரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு ஐப்பசிக்கும் மாமியாரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

அங்கே மழை எப்படி? நாளை மறுநாள் கஜா வந்து ஆறு வருஷம். அன்றைக்கு நீ ராத்திரி தூங்கமாட்டாய் என்று தெரியும், எந்நேரமானாலும் போன் பண்ணு, நான் விழித்திருப்பேன். அம்மா மூட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், சின்னவன் அடுத்த வாரம் திருத்துறைப்பூண்டி வருகிறான், கொடுத்துவிடுகிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

கொத்தனார் நேற்றுக் குழிச்சுவரைக் கட்டி முடித்தார். ஈரம் காய ஒரு வாரம் ஆகும். அடுத்த வெள்ளிக்கிழமை பாவு ஏற்றுகிறோம். உன் காயில் இருபத்தொன்பதைப் பக்கத்து வீடுகளுக்கும் சமையலுக்கும் எடுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் மஞ்சள் தடவித் தறி மேடையில் வைத்திருக்கிறேன், அன்றைக்கு உடைக்க.

உன்,
செல்லூர்க்காரி