கரிச்சாம்பலில் போட்ட பாத்தி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. முழங்காலுக்கு ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பகலில் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அதனால் நிறையப் படிக்கிறேன்.

ரயில் இன்ஜின்கள் நிற்கும் லோகோ ஷெட்டுக்குப் பின்னால் நாம் போட்ட தோட்டம் மாதிரி வேறு எங்காவது உண்டா என்று கேட்டிருந்தாய். தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. ஜெர்மனியில் லெவல் கிராசிங் கேட்காரர்கள் தண்டவாளத்தோரத் துண்டு நிலங்களில் காய்கறி போட்டார்கள், கரைப் புல்லை மேயவிட்டு ஆடு வளர்த்தார்கள். ஆட்டுக்கு அங்கே 'ரயில்காரன் பசு' என்றே ஒரு பெயர் உண்டாம். பசு வாங்க வக்கில்லாத வீட்டுக்குப் பால் எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பிரான்சில் 1942-ல், போர்க்காலப் பஞ்சத்தில், ரயில் தொழிலாளர்களின் தோட்டங்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜார்தினோ என்ற பெயரில் இன்றும் அது இருக்கிறது.

ரயில்காரர்களுக்கு மட்டும் ஏன் இது இப்படி ஒட்டிக்கொண்டது? இரண்டு லைன் பிரியும் இடத்தில் ஒரு முக்கோணம் மிஞ்சும். கரைச் சரிவு மிஞ்சும். கட்டடம் கட்ட முடியாது, விற்கவும் முடியாது. அடுத்த கூட்ஸ் வரும்வரை காத்திருக்கும் நேரமும் நிறைய உண்டு. உரத்துக்கும் பஞ்சமில்லை: பிரிட்டனில் யார்டுகளில் வேகன்களை இழுத்துச் சேர்க்கக் குதிரைகள் வைத்திருந்தார்கள். அங்கே நியூமார்க்கெட் என்ற ஊரில் அப்படிப்பட்ட கடைசி ஷண்டிங் குதிரை ஓய்வு பெற்றது 1967-ல்தான். அத்தனை காலச் சாணமும் எங்கே போயிருக்கும் என்று உனக்கும் எனக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் கரிச்சாம்பல் மேட்டை நினைவிருக்கிறதா? அதில் ஒன்றும் முளைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தில் சிசிலித் தீவின் எரிமலைப் பகுதியிலிருந்து வந்த ஒரு மஞ்சள் பூச்செடி இருந்ததாம். அது மதில் தாண்டி ஊருக்குள் பரவியது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும், தண்டவாளத்தில் கொட்டிக் கிடந்த, எரிந்து மிஞ்சிய கரிக்கட்டிகள் அதற்குப் பிறந்த மண் போலவே இருந்தன. வண்டிகள் கிளப்பிய காற்றில் விதை பறந்து, லைன் நெடுகப் பரவி, நாட்டையே பிடித்துவிட்டது. இதைப் படித்த அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. நம் மேட்டின் ஓரத்தில் தானாக வந்த அந்தத் தக்காளிச் செடிதான் கண்முன் நின்றது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பாத்திக்கு வரப்பாக, தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை வைத்தோமே, வெயில் ஏறினால் கறுப்பாகக் கசிந்து கையில் ஒட்டும், மண்ணெண்ணெயில் தேய்த்தால்தான் போகும். அது கிரியோசோட், கட்டை உளுத்துப் போகாமல் இருக்க ஏற்றும் தார் எண்ணெய். புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருட்கள் அதில் இருக்கின்றன, காய்கறித் தோட்டத்தில் அதை வைக்கவே கூடாதாம். கரிச்சாம்பலிலும் ஆர்செனிக், ஈயம் எல்லாம் இருக்கலாம். நீ அங்கே கொல்லையில் அந்தக் கட்டை எதையாவது இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துப் போட்டுவிடு.

எனக்கு வருத்தம் இதில்தான்: ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் பூந்தோட்டத்துக்குப் போட்டி உண்டு, பரிசு உண்டு, புகைப்படம் உண்டு. யார்டுக்குள் இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேனும் கலாசியும் வளர்த்த காய்கறிக்கு ஒரு வரிப் பதிவு கிடைப்பதே அரிது. நிலம் அவர்களுடையது இல்லை, அனுபவிக்க விட்டார்கள், அவ்வளவே. பிரிட்டனில் மக்கள் காய்கறி போட வாடகைக்கு விடும் துண்டுத் தோட்டங்களை மந்திரி அனுமதியில்லாமல் விற்கக்கூடாது என்று 1925-ல் சட்டம் வந்தது. ஆனால் அது உள்ளாட்சி மன்றங்கள் அதற்கென்றே வாங்கிய நிலத்துக்குத்தான், ரயில்வே நிலத்தைக் காக்கவில்லை. 1963-ல் அந்நாட்டு ரயில்வேயைக் குறைக்கச் சொன்ன பீச்சிங் அறிக்கை 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னபோது, அவற்றை ஒட்டியிருந்த பாத்திகளை யார் எண்ணியிருப்பார்கள்? நம் ஷெட்டை இடித்தபோதும் புல்டோசர் காலையில் வந்தது, மத்தியானத்துக்குள் வரப்புகூட இல்லை. முதல் நாள் நீ பிஞ்சு பீன்ஸைத் தொப்பியில் பறித்துக்கொண்டு போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் ஒரு வேலை தருகிறேன். ஒரு தாளில் நம் தோட்டத்தை வரைந்து அனுப்பு. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் கம்பத்தின் அடியில் ஒழுகுமே, அந்தத் தண்ணீர் வந்த வாய்க்கால் கிணற்றுப் பக்கமா, சாம்பல் குழிப் பக்கமா? எனக்குச் சாம்பல் குழிப் பக்கம் என்றுதான் படுகிறது. உன் கணக்கு வேறாக இருந்தால் உன்னுடையதையே வரை.

அன்புடன்,
உன் பழைய ஷிப்ட் தோழன்