விபத்தில்லாத நாட்கள் போர்டு

அன்புள்ள மகளுக்கு,

இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்புக்கு உன்னை ஷிப்ட் இன்சார்ஜாகப் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று பெரிய போர்டு இருக்கிறதாம், எண் ஏற ஏற மொத்த ஷாப்புக்கும் பரிசாம். அந்தப் போர்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மெயின்டனன்ஸில் இருந்த இடத்திலும் அப்படி ஒன்று தொங்கியது. தகடு விரலைக் கிழித்தால், ஆபரேட்டர் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை ஓட்டிவிடுவான். முதலுதவி அறைக்குப் போனால் நோட்டில் ஏறும், நோட்டில் ஏறினால் போர்டு பூஜ்யமாகும், பரிசு போச்சு என்று கூட வேலை செய்கிறவர்களே முறைப்பார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், நாளைக்கு கேட்டில் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. காயம் குறையவில்லை, காயத்தைப் பற்றிய பேச்சுதான் குறைந்தது. அதனால் போர்டில் எண் எவ்வளவு ஏறினாலும் மயங்காதே. “மேடம், நேத்து நைட்டு கை மயிரிழையில தப்பிச்சுது” என்று உன்னிடம் எத்தனை பேர் வந்து சொல்கிறார்கள் என்று பார். ஒருவரும் சொல்லவில்லையென்றால்தான் நீ கவலைப்பட வேண்டும்.

சொன்னவனை நீ எப்படி நடத்துகிறாய் என்பதை ஷாப்பே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு உதாரணம். இரண்டு கை பட்டன் வைத்த பிரஸ்ஸில், மேலேயிருந்து தகட்டை இடிக்கும் ராம் இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. புது கன்ட்ரோலில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டு மறுபடி சேர்த்து அழுத்தினால்தான் ஓடும். பழைய மெஷினில் அது இருக்காது. ஒருநாள் போய்ப் பார்ப்பாய், இடது பட்டனில் மரத்துண்டை வைத்து டேப் ஒட்டியிருப்பான். மெஷினை நிறுத்து, துண்டைப் பிடுங்கு, அதில் தாட்சண்யமே வேண்டாம். ஆனால் மெமோவைத் தூக்குவதற்கு முன்னால், ஏன் ஒட்டினான் என்று கேள். பீஸ் டையில், அதாவது அச்சில், ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெளியே தள்ளும் எஜெக்டர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டு எடுக்கவேண்டியிருக்கும். டார்கெட் போட்டவரோ பீஸ் தானாக வெளியே வந்து விழுவதாகக் கணக்குப் போட்டிருப்பார். மெமோ கொடுத்தால் நைட் ஷிப்டில் மறுபடி ஒட்டுவான். ஸ்பிரிங்கை மாற்றி, கை உள்ளே போகாமல் எடுக்க காந்தக் கைப்பிடி ஒன்று கொடுத்துப் பார், டேப் தேவைப்படாது. அதுவரை அந்த மெஷின் நிற்கிறதே என்று மேலேயிருந்து போன் வரும். அந்தப் போனை எடுப்பதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

மெயின்டனன்ஸ் ஆள் பிரஸ்ஸுக்குள் கை வைக்கும்போது இன்னும் கறாராக இரு. சுவிட்சை அணைத்த பிறகும் ஃபிளைவீல் என்கிற கனத்த சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அதை ராமோடு இணைக்கும் கிளட்ச் லைனில் அழுத்தக் காற்று இருக்கும், மேலே நிற்கும் ராம் தன் கனத்திலேயே இறங்கலாம். வீல் நிற்கவேண்டும், காற்றை வெளியேற்றவேண்டும், டைக்கு நடுவில் பிளாக் வைக்கவேண்டும், கடைசியில் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று பார்க்கவேண்டும். எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ, மெயின் சுவிட்சில் அத்தனை பூட்டு. அவனவன் சாவி அவனவன் பாக்கெட்டில். இன்சார்ஜ் என்பதால் டூப்ளிகேட் சாவி உன் டிராயரில் இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே.

இதெல்லாம் கண்ணில் படுகிற ஆபத்து. சத்தம் அப்படியல்ல, வலிக்காது, ரத்தம் வராது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பரவலாக வைத்திருக்கும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறார்கள், அதாவது 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. கையெட்டும் தூரத்தில் நிற்பவனிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் அந்த இடம் வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். காதில் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிகள்தான். பேச்சு கேட்கும், ஆனால் ஸ், ஃப் போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். போனில் நான் உன்னை இரண்டு தடவை சொல்லச் சொல்வது அதனால்தான், வயதினால் மட்டுமல்ல. நுரை இயர் பிளக்கை காதோரம் சும்மா சொருகினால் பிரயோஜனமில்லை. மெல்லிசாக உருட்டி, இன்னொரு கையால் காதை மேலே பின்பக்கமாக இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை விரலால் பிடித்திருக்கவேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை நீயே செய்து காட்டு. அதோடு, சத்தத்தை மெஷினிலேயே குறைக்க வழி உண்டா என்று கேட்டுக்கொண்டே இரு. பிளக் கடைசி வழி.

வெல்டிங் பக்கம் ஒன்று. துத்தநாக முலாம் பூசிய தகட்டைப் பற்றவைத்தவனுக்கு அந்தப் புகையால் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வரும், மறுநாள் சரியாகிவிடும். லீவு முடிந்து வந்த முதல் நாள் மறுபடி வரும். வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நோயாளியிடம் ‘என்ன தொழில் செய்கிறாய்’ என்றும் கேளுங்கள் என்று இத்தாலி வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவைத்தார். புகையை உறிஞ்சும் குழாய் அந்த இடத்தில் ஓடுகிறதா என்று பார்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நினைத்து வேலையிலிருந்து விலகியவனைத் தண்டிக்கக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் வருட 155-ஆம் ஒப்பந்தம் சொல்கிறது. உன் ஷிப்டில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல் பாக்ஸ் மீட்டிங்கில் உன் வாயாலேயே சொல்லிவிடு. நீ சொன்னால்தான் நம்புவார்கள்.

உங்கள் பிரஸ்களில் டைக்கு நடுவில் வைக்கும் பிளாக்கை, அது மாட்டியிருக்கும் இடத்திலிருந்து எடுத்தாலே மோட்டார் தானாகக் கட் ஆகிற மாதிரி இன்டர்லாக் போட்டிருக்கிறார்களா? பார்த்து எழுது. இல்லையென்றால் வயரிங்கை நான் வரைந்து அனுப்புகிறேன், உங்கள் எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் கேள்.

அன்புடன்,
அப்பா