காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் வரையலாம்

ஆசிரியருக்கு,

தங்கள் வார இணைப்பில் வந்த ஓவியப் பயிற்சிக் கட்டுரை, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நல்ல புகைப்படங்களைப் பார்த்து வரையச் சொல்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. பேருந்துக்கோ மருத்துவரின் அழைப்புக்கோ காத்திருக்கும் ஐந்து, பத்து நிமிடத்தில் எதிரே இருப்பதை வரைவதுதான் நிலைக்கும். தவிர, முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையைப் புகைப்படத்தில் கேமராவே முடித்துவிடுகிறது. வரையப் பழகுபவர் கற்க வேண்டியதே அந்த வேலையைத்தான்.

சட்டைப்பையில் அடங்கும் ஏ6 நோட்டு (105 x 148 மி.மீ.) போதும். பெரிய நோட்டைப் பையிலிருந்து தேடி எடுப்பதற்குள் பேருந்து வந்துவிடும். அட்டை கெட்டியாக இருக்கட்டும். நின்றபடி வரையும்போது அதுதான் பலகை. உயர்ந்த விலை நோட்டு வேண்டவே வேண்டாம். முதல் பக்கம் கெட்டுவிடுமோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் தொடங்குவதில்லை.

பேனா, சாதாரண பால்பாயிண்ட். லேசாகத் தொட்டால் சாம்பல் கோடு, அழுத்தினால் கருங்கோடு. ஜெல் பேனாவில் இந்த வித்தியாசம் கிடைக்காது. பால்பாயிண்ட் முனையில் மை திரண்டு பொட்டு வைக்கும், அவ்வப்போது துடைத்துக்கொள்ள வேண்டும். 2பி பென்சிலும் நல்லதுதான், ஆனால் பக்கங்கள் உரசி எதிர்ப்பக்கமெல்லாம் கரியாகும். அழிரப்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மனிதர்களைக் கவனித்துக் குறித்துக்கொள்ள எப்போதும் சிறு நோட்டு வைத்திருக்கச் சொன்ன லியொனார்டோ டாவின்சி, கோட்டை அழிக்க முடியாதபடி அது வண்ணம் பூசிய தாளாக இருக்கட்டும் என்றார். தப்பான கோடு அப்படியே இருந்தால்தான், அடுத்த கோட்டை எவ்வளவு தள்ளிப் போடவேண்டும் என்பது தெரியும்.

'ஆட்கள் அசைந்துவிடுகிறார்களே' என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. கண், மூக்கிலிருந்து தொடங்குவதால் வரும் வினை அது. ஆள் திரும்பியதும் தாளில் ஒற்றைக் கண் மட்டும் மிஞ்சும். முதல் 30 வினாடி முகத்தைத் தொடாதீர்கள். உச்சந்தலையிலிருந்து இடுப்பு வழியாகப் பாரம் தாங்கும் பாதம் வரை ஒரே கோடு. அடுத்து தோளின் சாய்வு, இடுப்பின் சாய்வு. ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவருக்கு அந்தப் பக்கத்து இடுப்பு உயரும். தோள் பெரும்பாலும் அதே பக்கம் தாழும். இந்த இரண்டு சாய்வும் தாளில் விழுந்துவிட்டால், ஆள் நகர்ந்தாலும் மிச்சத்தை நினைவிலிருந்து போட்டுவிடலாம். இன்னொரு வழி, ஒரே பக்கத்தில் மூன்று நான்கு உருவங்களைத் தொடங்கி வைப்பது. காத்திருப்பவர்கள் கால் மாற்றி நின்றாலும் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே திரும்புவார்கள். யார் திரும்புகிறாரோ அவரைத் தொடரலாம். கைப்பேசியில் மூழ்கியவரைவிட நல்ல மாடல் கிடையாது!

அளவில் நடக்கும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: தலை பெரிதாகிவிடும். நிற்கும் பெரியவரின் உயரம் ஏறக்குறைய ஏழு அல்லது ஏழரைத் தலை. கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பேனா முனையை உச்சந்தலைக்கும் கட்டைவிரலைத் தாடைக்கும் பொருத்தி அந்த நீளத்தைக் கீழே அடுக்கிப் பார்க்கலாம். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். முகத்தை நேராகப் பார்க்கும்போது கண்கள் தலையின் நடு உயரத்தில் இருக்கும். புதியவர்கள் மேலே ஏற்றிவிடுவதால் நெற்றி காணாமல் போகிறது.

ஆளில்லாத இடத்தில் நாற்காலி போதும். கால்களை விட்டுவிட்டு, கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரைந்தால் நாற்காலி தானே சரியாக வந்துவிடும்.

யாரையும் உற்றுப் பார்த்துச் சங்கடப்படுத்தக் கூடாது. கேட்டால் நோட்டைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

வாசகர் ஓவியங்களுக்குத் தாங்கள் ஒதுக்கும் பகுதியில் பளபளப்பாக முடித்த படங்களே வருகின்றன. பாதியில் நின்ற இத்தகைய கோட்டோவியங்களையும், வரைய ஆன நிமிடத்தைக் கீழே குறிப்பிட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்