நாஷ்வில் போற வழிக்கு ஒரு கவர் பாட்டு லிஸ்ட்

பாப்பாவுக்கு,

நாஷ்வில்ல அத்தை வீட்டுக்குத் தனியா கார் ஓட்டிட்டுப் போறேன், வழியில கேக்க ஏதாச்சும் பாட்டு சேத்து அனுப்பும்மான்னு கேட்ட இல்ல, சேத்துட்டேன். லிங்க் வாட்ஸ்அப்ல வரும். ஆனா வெறும் லிங்க்கை அனுப்புனா நீ ஷஃபிள்ல போட்டுக் கெடுத்துருவ, அதுக்குத்தான் இந்த லெட்டரு. மொதல்ல ஷஃபிளை ஆஃப் பண்ணு. வரிசை பாத்துப் பாத்து வெச்சிருக்கேன்.

எல்லாமே பவர் பாப், எல்லாமே கவர், அதாவது ஒருத்தர் பாட்டை வேற ஒருத்தர் எடுத்துப் பாடுனது. பவர் பாப்னா என்னன்னு அத்தை கேட்டா, பீட்டில்ஸ் மாதிரி மெட்டு, பின்னாடி சேந்து பாடற ஹார்மனி, கிட்டார் மட்டும் கொஞ்சம் சத்தமா, மூணு நிமிஷத்துல முடிஞ்சிடணும், முடிஞ்சப்பறமும் கோரஸ் வாயில ஒட்டிட்டே இருக்கணும், அப்படின்னு சொல்லு. அந்தப் பேரைச் சொன்னது தி ஹூ பேண்டோட பீட் டவுன்ஷெண்ட், 1967ல ஒரு பேட்டியில, தங்களோட பாட்டைப் பத்திப் பேசும்போது.

நீ கவர்னாலே டூப்ளிகேட்டுன்னு மூஞ்சியத் தூக்குவ, அதனாலயே ஒரு ரூல் வெச்சு எடுத்தேன். ஒரிஜினலே பெரிய ஹிட்டா இருந்தா அந்த கவர் வேண்டாம், மொதல்ல பாடுனப்ப ஓடாமப் போயி, வேற ஒருத்தர் எடுத்துப் பாடி ஊருக்குத் தெரிஞ்ச பாட்டுதான் வேணும். பேங்கிள்ஸோட ஹேஸி ஷேட் ஆஃப் வின்டர், லெமன்ஹெட்ஸோட மிஸஸ் ராபின்சன் ரெண்டும் எனக்குப் பிடிக்கும், ஆனா ரெண்டும் ஒரிஜினல்ல சைமன் அண்ட் கார்ஃபங்கலோட ஹிட்டு, அவங்களுக்கு யாரு உதவி வேணும், தூக்கிட்டேன். டிஃபனி பாடுன ஐ திங்க் வி ஆர் அலோன் நவ்வும் அப்படியே போச்சு. அதுல ஒரு வேடிக்கை கேளு, 1987 நவம்பர்ல அந்தப் பாட்டு அமெரிக்காவுல நம்பர் ஒன்ல இருந்தப்ப அதைத் தள்ளிட்டு வந்தது பில்லி ஐடலோட மோனி மோனி, ரெண்டுமே டாமி ஜேம்ஸ் அறுபதுகள்ல பாடுனது! அவரு பாட்டை அவரு பாட்டே கீழ எறக்கிருக்கு.

சரி, நீ இருக்கற ஊர்லயிருந்தே சொல்றேன். மெம்ஃபிஸ்ல மேடிசன் அவென்யூல ஆர்டென்ட் ஸ்டூடியோ இருக்கு, அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருப்ப. பிக் ஸ்டார் பேண்ட் அந்த ஆர்டென்ட்காரங்கதான், பேண்டோட பேரே அங்க இருந்த ஒரு சூப்பர் மார்க்கெட் பேருதான். அலெக்ஸ் சில்டன், கிரிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். இதுல சில்டன் பதினாறு வயசுலயே பாக்ஸ் டாப்ஸ் பேண்ட்ல தி லெட்டர் பாடி 1967ல அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆனவரு. அவரு 1972ல இவங்களோட சேந்து நம்பர் ஒன் ரெக்கார்டுன்னு தெனாவெட்டா பேரு வெச்சு ஆல்பம் போட்டா, பத்திரிகைக்காரங்க ஆஹா ஓஹோன்னு எழுதறாங்க, ஆனா வாங்கலாம்னு கடைக்குப் போனா சரக்கே இல்ல. டிஸ்ட்ரிப்யூஷன் பாத்த ஸ்டாக்ஸ் கம்பெனியால கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேக்க முடியல. 1974ல ரெண்டாவது ஆல்பம் ரேடியோ சிட்டி, அதுக்கும் அதே கதி. நீ லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கறவ, அதுவும் நாட்டுக்கே பார்சல் போற ஊர்ல உக்காந்திருக்க, உனக்கு நான் விளக்க வேண்டியதில்ல. பாட்டு பிடிக்காம ஜனங்க ஒதுக்கல, பாட்டு வந்தே சேரல.

அந்த ரேடியோ சிட்டியில இருக்கற செப்டம்பர் கேர்ள்ஸ் பாட்டை 1986ல பேங்கிள்ஸ் எடுத்துப் பாடுனாங்க, மேனிக் மண்டேயும் வாக் லைக் அன் ஈஜிப்ஷியனும் இருக்கற அதே டிஃபரண்ட் லைட் ஆல்பத்துல. பாடுனது பேஸ் கிட்டார் வாசிச்ச மைக்கேல் ஸ்டீல், பேரைப் பாத்து ஆம்பளைன்னு நெனைக்காத, பொண்ணுதான். பெங்களூர் மாமா பதிஞ்சு குடுத்த டேப்லதான் நான் மொதல்ல கேட்டது, அதுல பாட்டு பேருகூட பாதிக்குத்தான் எழுதியிருக்கும், யாரு எழுதுன பாட்டுன்னெல்லாம் நெட் வந்ததுக்கு அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். ஆல்பம் லட்சக்கணக்குல வித்துச்சு, எழுதுன சில்டனுக்கும் ராயல்ட்டி போச்சு. எண்பதுகள் ஆரம்பத்துல அந்த மனுஷன் நியூ ஆர்லீன்ஸ்ல ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவிட்டு இருந்தாரு, தெரியுமா. என் அபிப்பிராயம் கேட்டா சில்டன் குரல்ல ஒரு தள்ளாட்டம் இருக்கு, அது பேங்கிள்ஸ்கிட்ட இல்ல, அவங்க ரொம்ப சுத்தமா பாடிட்டாங்க. ஆனாலும் அந்த கிட்டார் கிணுகிணுன்னு ஆரம்பிக்கறப்போ எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

பிக் ஸ்டாரோட இன்னொரு பாட்டு இன் தி ஸ்ட்ரீட், தேட் செவன்டீஸ் ஷோவோட டைட்டில் பாட்டா சீப் ட்ரிக் பாடுனது. நீ டீவி முன்னாடி உக்காந்து தட்டுல சோத்தை வெச்சுட்டுப் பாப்பியே அதேதான். அந்த நிகழ்ச்சி ஒவ்வொரு தடவை வரும்போதும் தனக்கு எழுபது டாலர் வருதுன்னு சில்டன் சொல்லிச் சிரிச்சாராம், செவன்டீஸ் ஷோவுக்கு செவன்டி.

ஒரிஜினல்ல அதைப் பாடுன கிரிஸ் பெல்லுக்கு இதெல்லாம் பாக்கக் குடுத்து வெக்கல. 1978 டிசம்பர் 27, உங்க ஊர் போப்ளர் அவென்யூல கார் கம்பத்துல மோதி போயிட்டாரு, இருபத்தேழு வயசு. அந்த வருஷம்தான் தனியா ஒரே ஒரு சிங்கிள் போட்டாரு, அதோட பின்பக்கத்துல இருந்த யூ அண்ட் யுவர் சிஸ்டர் பாட்டை 1991ல திஸ் மார்ட்டல் காயில்ங்கற குழுவோட ஆல்பத்துக்காக கிம் டீலும் டான்யா டானலியும் பாடுனாங்க. மெதுவான பாட்டு, பவர் பாப்னு சொன்னா சண்டைக்கு வருவாங்க, நான் சேத்துட்டேன். நீ ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு போப்ளர் வழியா வந்தா மெதுவா வா.

மொத பாட்டு ப்ளாண்டியோட ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன். ஆரம்பத்துல போன் அடிக்கற சத்தம் வரும், உன் போன்னு நெனச்சு ஸ்டியரிங்கை விட்றாத. எழுதுனது ஜாக் லீ, கலிஃபோர்னியாவுல தி நெர்வ்ஸ்னு மூணு பேர் பேண்ட், 1976ல சொந்தக் காசுல ஒரு ஈபி, அதாவது நாலஞ்சு பாட்டு இருக்கற சின்ன ரெக்கார்டு, போட்டாங்க, வித்தது ரொம்பக் கம்மி. ப்ளாண்டிக்கு ஃபேன் கிளப் நடத்திட்டு இருந்த ஜெஃப்ரி லீ பியர்ஸ்னு ஒரு பையன் மூலமா அந்தப் பாட்டு அவங்க காதுக்குப் போச்சு. பாட்டை எடுத்துக்கலாமான்னு கேட்டு போன் வந்த நாளைப் பத்தி ஜாக் லீ சொல்லிருக்காரு, அன்னிக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டு கரண்ட்டை கட் பண்ண வர்றதா இருந்துச்சாம், போனையும் சேத்து. கொஞ்சம் லேட்டாகியிருந்தா அந்த கால் போயே சேந்திருக்காது, போனைப் பத்தின பாட்டுக்கு இந்தக் கதை! 1978ல ப்ளாண்டியோட பேரலல் லைன்ஸ் ஆல்பத்துல வந்துச்சு, இங்கிலாந்துல அஞ்சாவது எடம். நெர்வ்ஸ் பாடுனது பதட்டமா இருக்கும், ப்ளாண்டியில பாடற டெபி ஹாரி பாடுனது அதிகாரமா இருக்கும், எனக்கு அதிகாரம்தான் பிடிச்சிருக்கு.

இந்த லிஸ்ட்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு கேட்டா தே டோன்ட் நோ. கிர்ஸ்டி மெக்கால்னு லண்டன் பொண்ணு, பத்தொன்பது வயசுல 1979ல ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ்ல பாடுனது, அவளே எழுதுனது. ரேடியோல விடாம போட்டாங்க, ஊரே கேட்டுச்சு, ஆனா அந்த நேரம் பாத்து டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட ஸ்ட்ரைக், ரெக்கார்ட் கடைக்குப் போகல, சார்ட்டுக்குள்ளயே வரல. திரும்பவும் உங்க டிபார்ட்மெண்ட் விஷயம்தான் பாரு. நாலு வருஷம் கழிச்சு 1983ல டிரேஸி உல்மன், காமெடி பண்ற பொண்ணு, அதே பாட்டைப் பாடுனா, இங்கிலாந்துல ரெண்டாவது எடம், அடுத்த வருஷம் அமெரிக்காவுல எட்டாவது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, பாட்டு நடுவுல இசை முடிஞ்சு திரும்ப வர்ற எடத்துல ஒரே ஒரு பேபின்னு உச்சத்துல ஒரு கத்து இருக்கு, அந்த சுருதி டிரேஸிக்கு எட்டல, அதனால கிர்ஸ்டியே வந்து பாடிக் குடுத்தா. தன்னோட பாட்டை வேறொருத்தி பாடி ஹிட்டாகப் போகுது, அதுக்குப் பின்னாடி நின்னு ஹார்மனியும் பாடி அந்த ஒரு கத்தும் கத்திட்டுப் போறா, நான்னா வயிறெரிஞ்சு வீட்லயே உக்காந்திருப்பேன். காதைத் தீட்டி வெச்சுக் கேளு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வேற ஆளு குரல்னு தெரியும். கிர்ஸ்டி 2000 டிசம்பர்ல மெக்ஸிகோவுல கடல்ல பசங்களோட இருக்கும்போது வேகமா வந்த மோட்டார் படகு அடிச்சுப் போயிட்டா, பையனைத் தள்ளிவிட்டுக் காப்பாத்திட்டு. அதுக்கப்புறம் அந்தப் பாட்டை நான் சும்மா கேக்கறதே இல்ல, கேட்டா உக்காந்து முழுசாத்தான் கேப்பேன்.

நிக் லோ கதை சந்தோஷமான கதை. வாட்ஸ் ஸோ ஃபன்னி பாட்டை 1974ல பிரின்ஸ்லி ஷ்வார்ஸ்ங்கற பேண்ட்ல இருந்தப்ப எழுதுனாரு, யாரும் கண்டுக்கல. 1978ல எல்விஸ் காஸ்டெல்லோ கோவமா பாடுனாரு, அதுக்கு ப்ரொட்யூசரும் நிக் லோதான். என் லிஸ்ட்ல இருக்கறது அதுதான். ஆனா காசு வந்தது வேற வழியில, 1992ல பாடிகார்ட் படத்தோட சவுண்ட்ட்ராக்ல கர்டிஸ் ஸ்டைகர்ஸ்னு ஒருத்தர் அதைப் பாடிட்டாரு, விட்னி ஹூஸ்டனுக்காக ஜனங்க வாங்குன ஆல்பம், நாலு கோடி காப்பிக்கு மேல போச்சு, ஒவ்வொண்ணுலயும் நிக் லோவுக்குப் பங்கு. அந்தப் பாட்டை அதுல கேட்டவங்க எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்னு நெனைக்கற?

டாம் பெட்டி 1989ல பாடுன ஃபீல் எ ஹோல் லாட் பெட்டரும் இருக்கு. பேர்ட்ஸ் பேண்ட்ல ஜீன் கிளார்க் எழுதி 1965ல ஒரு சிங்கிளோட பின்பக்கத்துல வந்தது. டாம் பெட்டியோட ஆல்பம் பிச்சுக்கிட்டு ஓடுச்சு, ஜீன் கிளார்க்குக்கு நல்ல பணம் வந்துச்சு, கூடவே விட்டிருந்த குடியும் திரும்ப வந்துருச்சுன்னு சொல்றாங்க, 1991ல போயிட்டாரு. காசு வந்து சேந்தா எல்லாம் சரியாயிடும்னு நானும் இந்த லிஸ்ட் போடும்போது ஒரு கணக்கு வெச்சிருந்தேன், இங்க வந்து அது இடிக்குது.

இதைவிட மோசம் விதவுட் யூ. என் ரூல்படி பாத்தா மொத எடத்துல இருக்க வேண்டிய பாட்டு. பேட்ஃபிங்கர் பேண்ட்ல பீட் ஹாமும் டாம் எவன்ஸும் ஆளுக்குப் பாதி எழுதி 1970ல ஆல்பத்துக்குள்ள சொருகி வெச்சிட்டாங்க, தனி சிங்கிளாக்கூடப் போடல. நில்ஸன் அதை எங்கயோ பார்ட்டியில கேட்டுட்டு பீட்டில்ஸ் பாட்டுன்னு நெனச்சாராம், அவரு பாடி 1972ல நம்பர் ஒன், 1994ல மரையா கேரி பாடி இங்கிலாந்துல திரும்ப நம்பர் ஒன். ஆனா எழுதுன ரெண்டு பேரும், மேனேஜர் பண்ண குளறுபடியில பணமில்லாம ஒருத்தர் 1975ல, ராயல்ட்டி சண்டையில நொந்து இன்னொருத்தர் 1983ல, தானே உயிரை மாய்ச்சிக்கிட்டாங்க. தனியா கார் ஓட்டற பொண்ணுக்கு அதை வெக்க எனக்கு மனசு வரல. பவர் பாப்பும் இல்ல அது, அழுகாச்சி பாட்டு, அப்படின்னு ஒரு சாக்கும் இருக்கு.

ரூலை நானே ரெண்டு எடத்துல மீறியிருக்கேன், கேக்காத. டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ படத்துல லெட்டர்ஸ் டு கிளியோ பாடுன ஐ வான்ட் யூ டு வான்ட் மீ, ஒரிஜினல் சீப் ட்ரிக்கோட ஹிட்டுதான், ஆனா நீ பத்தாவது லீவுல அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தது எனக்குத் தெரியாதா. இன்னொண்ணு ஃபவுன்டன்ஸ் ஆஃப் வேன் பாடுன பேபி ஒன் மோர் டைம், பிரிட்னி பாட்டேதான், கிண்டல் பண்ணாம ஒழுங்கா, மெதுவா, பாட்டை மதிச்சுப் பாடிருக்காங்க. அந்த பேண்ட்ல இருந்த ஆடம் ஷ்லெஸிங்கர் 2020 ஏப்ரல் ஒண்ணாம் தேதி கொரோனால போயிட்டாரு, அந்த ஒருத்தருக்காகத்தான்.

இன்னும் கொஞ்சம் பாட்டு இருக்கு, எல்லாத்துக்கும் கதை எழுதுனா நீ கெளம்பவே மாட்ட. க்ளூலெஸ் படத்துக்காக கிராக்கர் பாடுன ஷேக் சம் ஆக்ஷன், மேத்யூ ஸ்வீட்டும் சூஸன்னா ஹாஃப்ஸும் பாடுன பேக் ஆஃப் எ கார், அதெல்லாம் நீயே கேட்டுக்க. பழைய தொண்ணூறு நிமிஷ கேசட் அளவுக்குத்தான் எடுத்திருக்கேன், ரெண்டு ரவுண்டு ஓடுனா நாஷ்வில் வந்துரும். ஒரே பேண்ட் அடுத்தடுத்து வராது, பொண்ணு குரல் ஆம்பள குரல் மாத்தி மாத்தி வரும், யூ அண்ட் யுவர் சிஸ்டர் முடிஞ்ச கையோட சீப் ட்ரிக் வரும், தூக்கம் வந்தா போயிடும். எழுபதுகள் பாட்டு சத்தம் கம்மியா இருக்கும், தொண்ணூறுகள் பாட்டு திடீர்னு காதைக் கிழிக்கும், அதனால செட்டிங்ஸ்ல வால்யூம் நார்மலைஸை ஆன் பண்ணிக்க.

ஐ-40 ஹைவேல லாரி ஜாஸ்தி, நடுவுல ஒரு தடவை நிறுத்தி காபி குடி. போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு, அத்தைக்கு எந்தப் பாட்டு பிடிச்சிச்சுன்னும் சொல்லு. அப்பா அவரு பங்குக்கு ஒரு எஸ்பிபி பாட்டைச் சேக்கணும்னு நேத்துலயிருந்து நச்சரிக்கறாரு, கவரும் இல்ல, பவர் பாப்பும் இல்லன்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாரு, அதனால கடைசியில ஒண்ணு இருக்கும், திட்டாத.

அம்மா